ஈசன்ஹைம் பீட ஓவியத்தில் நிறமும் நற்செய்தியும்

மத்தியாஸ் குரூனேவால்ட் என்னும் ஜெர்மானிய ஓவியர் 1512க்கும் 1516க்கும் இடையே தீட்டிய ஈசன்ஹைம் பீட ஓவியம், இன்று பிரான்சு நாட்டின் கோல்மார் நகரிலுள்ள உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இறையியல் மாணவர் பலர் இதனைக் கார்ல் பார்த்தின் வழியாகவே அறிவர். அவர் தம் எழுதுமேசைக்கு மேலே இதன் படியொன்றைத் தொங்கவிட்டிருந்தார். சிலுவையைச் சுட்டும் யோவான் ஸ்நானகனின் நீண்ட விரல் அவர் சிந்தையைக் கவர்ந்தது. ஆகவே நாமும் விரலைப்பற்றி மிகுதியாகப் பேசுகிறோம். விரல் சுட்டும் உடலின் நிறத்தைப்பற்றிப் பேசுவது குறைவு.

ஈசன்ஹைம் மடத்தின் துறவியர், ரை என்னும் தானியத்தைப் பற்றும் பூஞ்சணத்தால் விளைந்த கொடிய நோயுற்றோரைப் பேணிவந்தனர். நெருப்புப்போல் எரிந்து, கைகால்கள் கறுத்து அழுகும் அந்நோயை ‘அந்தோனியார் நெருப்பு’ என்றழைத்தனர். இப்பின்னணியில் ஓவியத்தை நோக்குதல் வேண்டும். கிறிஸ்துவின் மேனியில் பச்சை படர்ந்துள்ளது, முட்கள் தைத்த புண்கள் நிறைந்துள்ளன, உதடுகள் நீலம்பாரித்துள்ளன, பின்னணியில் இருள் சூழ்ந்துள்ளது. மரியாளின் வெண்ணிற ஆடையும் இரு யோவான்களின் செந்நிற ஆடைகளும் அவ்வுடலின் வெளிறலை மிகுத்துக் காட்டுகின்றன. நோயாளி தன் தோலின் நிறத்தை மீட்பரின் தோலிலே காண்கிறான். ஏசாயா 53ஆம் அதிகாரம் சொல்லால் உணர்த்துவதை இங்கு நிறம் உணர்த்துகிறது.

பெரும்பாலான நாட்களில் இச்சிலுவைக் காட்சியே பார்வைக்கு இருந்தது. திருநாட்களில் கதவுகள் விரிக்கப்பட்டபோது உயிர்த்தெழுதல் தோன்றிற்று. அங்கே பிரேதச்சீலை வெண்மையும் நீலமுமாய்த் தொடங்கி, ஊதாவாகிச் சிவந்து, பொன்மஞ்சளில் முடிகிறது. கிறிஸ்துவின் முகமும் அவ்வொளியில் கரைகிறது. புண்பட்ட தோல் மாசற்றதாகிவிட்டமையால், கிறிஸ்துவின் மாம்சத்தை வெறுந்தோற்றமென்ற பழைய பேதகத்திற்கு இது இடந்தராதோ என்று சிலர் ஐயுறலாம். தராது என்பதே என் துணிபு. கைகளிலும் கால்களிலும் விலாவிலும் காயங்கள் மறையாது செந்நிறமாய் ஒளிர்கின்றன. உயிர்த்தெழுந்தவர் சிலுவையில் தொங்கிய அவரே என்பதற்கு அச்சிவப்பே சான்று.

நோயாளியின் படுக்கையருகே பொன்மஞ்சளை மட்டும் காட்டும் போதகர், அவனுடைய வேதனைக்கு வெளியே நின்று பேசுகிறார். பச்சையை மட்டும் காட்டுபவரோ அவனை நம்பிக்கையின்றி விட்டுச்செல்கிறார். ஈசன்ஹைமின் நோயாளிகள் பல நாள் சிலுவையைக் கண்டபின்னரே அவ்வொளியைக் கண்டனர். நம் பிரசங்கங்கள் எந்த நாளில் எந்தக் கதவைத் திறக்கின்றன என்பதை அருட்பணியாளர் சிந்திப்பார்களாக.