இடம் மாறும் தசைநாண்

முன்கையில் கண்ணாடி கிழித்து நரம்பு அறுந்தால், தோல் சில நாளில் மூடிவிடும், நரம்பு அப்படியல்ல. தைத்த பின்னும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதற்குள் உள்ளங்கையின் சிறுதசைகள் மெலிந்துபோனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியே நின்றுவிடும்.

அந்தக் கைக்கும் வழி உண்டு: தசைநாண் மாற்று. மருத்துவத்தில் இதைவிட அழகான கைவேலை எனக்குத் தெரியவில்லை. கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், நரம்பு கெட்டு மடங்கிப்போன தொழுநோயாளிகளின் விரல்களுக்கு இதைச் செய்தார். சிறுதசைகள் செயலிழந்தாலும் முன்கைத் தசைகள் பல நல்ல வலுவோடு இருப்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். மணிக்கட்டைத் தூக்க ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் உண்டு. ஒன்றைக் கடன் வாங்கலாம். அதன் நாணை விடுவித்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீட்டி, நான்கு இழையாகப் பிரித்து, விரலுக்கு ஒன்றாகத் தோலுக்கடியில் கொண்டுபோய்த் தைப்பார்கள். இழுவை கூடினால் விரல் விறைக்கும், குறைந்தால் வேலை செய்யாது. அந்த அளவை விரல்களின் நிலையைப் பார்த்தே முடிவு செய்கிறார்களே, அங்கேதான் திறமை.

மாவுக்கட்டைப் பிரித்ததும் மணிக்கட்டைத் தூக்கச் சொல்வார்கள், விரல் நிமிரும்! பிறகு பயிற்சி, வாரக்கணக்கில்.

கை அறுபட்டு விரல் மரத்திருந்தால், தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். கை அறுவை நிபுணரிடம் உடனே காட்டுங்கள்.