47 பேர் படிக்கிறார்கள், யார் செலவில்?

தமிழ்நாட்டு மேடைகளில் பெருமையோடு சொல்லப்படும் எண் ஒன்று உண்டு: 47. ஒன்றிய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22ஆம் ஆண்டுக்குத் தந்த எண் அது. 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்கள் 100 பேர் என்றால், கல்லூரியில் பெயர் பதிந்தவர்கள் 47 பேர். இந்திய சராசரி 28.4தான். 2035இல் 50ஐத் தொட வேண்டும் என்று தேசிய கல்விக் கொள்கை சொல்கிறது. நாம் இப்போதே அதன் வாசலில் நிற்கிறோம். பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சிறுகதையை வாசிக்கும்போது அது சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தானே வாசிக்கிறோம்? இந்த எண்ணையும் அப்படி வாசித்துப் பார்ப்போம். அதற்குத் தோதான இடம் தென்காசியும் குற்றாலமும்.

குற்றாலம் என்றால் சீசன், சாரல், ஐந்தருவி, பரோட்டா. ரீல்ஸில் ஊர் அவ்வளவுதான். அங்கே 1964இல் ஒரு பெண்கள் கல்லூரி தொடங்கப்பட்டது: ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இயங்கும் அரசு உதவி பெறும் கல்லூரி. அதே 1964இல்தான் டெல்லியில் கோத்தாரி குழு அமைக்கப்பட்டது. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிடுங்கள் என்று 1966இல் அந்தக் குழு சொன்னது. கல்லூரிக்கு அறுபது வயது கடந்துவிட்டது. அந்த 6 விழுக்காடு இன்னும் வரவில்லை. 2020 கல்விக் கொள்கையும் அதே ஆறைத் திரும்ப எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

படிப்புக்கும் எழுத்துக்கும் யார் காசு கொடுப்பது என்பது இந்த ஊருக்குப் பழைய கேள்வி. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்கு மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பேர். அரசர் போனார், அறநிலையம் வந்தது. பிறகு உதவி பெறும் கல்லூரிகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. கொடுத்தவர் யார் என்று ஒவ்வொரு முறையும் சுட்டிக்காட்ட முடிந்தது. இன்றைய 47ஐ யார் தாங்குகிறார்கள்?

2021இல் சென்னை கொளத்தூரில் கபாலீசுவரர் கோயில் பெயரில் கல்லூரி தொடங்கப்பட்டபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கோயில் காசில் காலேஜ் எதுக்கு என்றது ஒரு தரப்பு; தாராளமாகக் கட்டலாம் என்றது இன்னொரு தரப்பு. அரசு கஜானாவிலிருந்து கல்லூரிகளுக்கு எவ்வளவு வருகிறது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காதில் விழவே இல்லை.

ஏதாவது ஒரு உதவி பெறும் கல்லூரியின் வாசலில் போய் நின்று பாருங்கள். ஒரே கேட், ஒரே மணி. உள்ளே இரண்டு கல்லூரிகள் இருக்கும். ஒன்று உதவி பெறும் பிரிவு. ஆசிரியருக்கு அரசு சம்பளம், மாணவருக்குக் குறைந்த கட்டணம். இன்னொன்று சுயநிதிப் பிரிவு. மாணவர் கட்டும் ஃபீஸிலிருந்துதான் ஆசிரியருக்குச் சம்பளம். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த புதிய பாடப்பிரிவுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. இதை வாசிக்கும் பலர் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்துதான் இலக்கியம் படித்திருப்பீர்கள். பாடம் நடத்திய சார் அடுத்த வருஷம் அங்கே இருந்திருக்க மாட்டார். அகில இந்திய அளவில் 2020-21 கணக்கெடுப்பின்படி அரசுக் கல்லூரிகள் 21.4 விழுக்காடு, அங்கே படிக்கிறவர்கள் 34.5 விழுக்காடு. மீதிப் பேரில் பெரும்பாலோருக்குக் குடும்பம்தான் புரவலர்.

தென்காசி மாவட்டத்தில் அந்தக் குடும்பம் எது? ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் மடியில் தட்டை வைத்து பீடி சுற்றுகிற பெண்கள் ஏராளம். பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கி, சுற்றிக் கொடுத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். மகளிர் குழுக் கடனும் அடகு வைத்த கம்மலும் செமஸ்டர் ஃபீஸாக மாறுவது இந்த வீடுகளில்தான். "நம்ம வீட்லயும் ஒரு பிள்ள காலேசுக்குப் போவுதுல்லா" என்ற சந்தோஷத்துக்கு அவர்கள் கொடுக்கிற விலை 47இல் எங்கேயும் பதிவாகவில்லை.

அரசு சும்மா இருக்கிறது என்று சொன்னால் அது அநியாயம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அந்த ஆயிரம் தேர்வுக் கட்டணமாகவும் புத்தகமாகவும் ஆகிறது. "அப்பாட்ட கேக்க வேண்டாம்" என்ற தைரியமாகவும் ஆகிறது. ஆனால் காசு மாணவி கைக்கு வருகிற அளவுக்கு வகுப்பறைக்கு வரவில்லை. அரசுக் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இடைவெளியை நிரப்புகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019இலேயே பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. அதைக் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது. கௌரவம் பேரில் மட்டும்தான்.

எண்ணுக்குள்ளேயே இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இந்த விகிதத்தின் கீழ்ப்பாதி, 18-23 வயதினரின் தொகை. பிறப்பு விகிதம் குறைந்த தமிழ்நாட்டில் அது சுருங்கிக்கொண்டே வருகிறது. புதிதாக ஒரு பெஞ்ச் போடாமல், ஒரு ஆசிரியரை எடுக்காமல் 47 தானாகவே ஏறலாம்.

இதே தென்காசி பக்கத்திலிருந்து இதற்கு நேரெதிரான குரல் ஒன்றும் வருகிறது. மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, டிகிரி இல்லாத பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. நல்ல காரியம். ஆனால் அதைக் காட்டி 'டிகிரியே வேஸ்ட்' என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய சில நூறு பேரைத் தேர்ந்தெடுக்கும். மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்? சுரண்டையிலிருந்து பஸ் ஏறுகிற பெண்ணுக்கு டிகிரி என்பது வேலைக்கான சீட்டு மட்டும் கிடையாது. கல்யாணப் பேச்சு மூன்று வருஷம் தள்ளிப்போகும். நூலகமும் தோழிகளும் கிடைப்பார்கள். தனியாக ஊர் தாண்டிப் போய்வரும் பழக்கம் வரும். தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் பெண்கள் ஆண்களைவிடச் சற்று முன்னால் இருக்கிறார்கள். அவர்கள் உள்ளே வந்துசேர்ந்த நேரம் பார்த்து 'படிப்பில் என்ன இருக்கிறது' என்று கேட்பது எவ்வளவு வசதியான ஞானம்!

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின் ட்ரோ 1973இல் ஒரு கணக்கு சொன்னார். 15 விழுக்காடு வரை உயர்கல்வி சிலருடைய சலுகை. 50 வரை பலருடைய உரிமை. அதைத் தாண்டினால் அது எல்லோருக்குமான கடமைபோல ஆகிவிடும். அந்தக் கோட்டை நாம் நெருங்கிவிட்டோம். இனி கல்லூரிக்குப் போகாமல் இருப்பதுதான் விலக்கு. ஆனால் செலவைத் தாங்கும் முறை மட்டும் இன்னும் சலுகைக் காலத்திலேயே நிற்கிறது: முடிந்தவர் கட்டட்டும்.

அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் 47 ஐம்பதாகும். அன்றைக்கும் மேடை போடுவார்கள். அந்த எண்ணைச் சொல்பவரிடம் கேட்க இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த 50 பேரில் எத்தனை பேருக்கு நிரந்தர ஆசிரியர் பாடம் எடுக்கிறார்? எத்தனை பேரின் ஃபீஸ் கடன் வாங்கிக் கட்டப்பட்டது? இரண்டாவது கேள்வியை ஆலங்குளத்தில் கேட்டுப் பாருங்கள். வட்டியோடு சேர்த்துப் பதில் சொல்வார்கள்.