சும்மா இருத்தல்: தாயுமானவர் பாடல்களில் ஒரு நோக்கு

வேலையின்றித் திரிபவனைச் ‘சும்மா இருக்கிறான்’ என்பது உலக வழக்கு. விலையின்றிக் கிடைப்பதையும் காரணமின்றிச் செய்வதையும் அச்சொல்லாலேயே சுட்டுவர். இத்துணை எளிய சொல்லை ஞானத்தின் முடிந்த நிலைக்குப் பெயராக ஆண்டவர் தாயுமானவர். அவருக்கு முன்னரே அருணகிரிநாதர், முருகன் தமக்கு அருளிய உபதேசமாக இதனைக் கந்தரநுபூதியிற் பாடியுள்ளார். அதனைப் பலபட விரித்துரைத்த பெருமை தாயுமானவர்க்கு உரியது.

இதனைச் சோம்பலுக்குச் சார்பான கொள்கையென்பார் உளர். விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706-1732) ஆட்சியில் அரசுப்பணி புரிந்தவர் தாயுமானவர் என அவர்தம் வரலாறு கூறும். செயலின் இயல்பை அவர் அறியாதவரல்லர். ‘தேசோமயானந்தம்’ என்னும் பகுதியில், மதயானையை வசப்படுத்தல், கரடி புலிகளின் வாயைக் கட்டுதல், நீர்மேல் நடத்தல் முதலிய அருஞ்செயல்களை அடுக்கி, இவையெல்லாம் கைகூடினும் மனத்தை அடக்கிச் சும்மா இருத்தல் அரிது என முடிக்கின்றார். வினைகள் ஒன்றையொன்று துரத்தி வந்து ஈற்றில் அவ்வோட்டம் அடங்கிவிடுதல் பொருளுக்கேற்ற ஓசையமைதியாம். யானையை அடக்குதலினும் கடினமானதைச் சோம்பல் என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

அவ்வாறாயின் ஒழியவேண்டுவது யாது? ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்பே ஒழியவேண்டும். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் நிற்றலைக் கூறுகின்றது. அங்கே பணி விலக்கப்படாமை கருதத்தக்கது. முனைப்பு அடங்கியவிடத்து இன்பம் தானே விளங்கும். அதனைச் செயலின் கூலியாகப் பெறுதல் இயலாது.

மௌனத்தைப் போற்றியவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடியது முரணன்றோ எனலாம். பராபரக்கண்ணியில் மாத்திரம் 389 கண்ணிகள் உள. ஒரே வேண்டுகோள் மீண்டும் மீண்டும் வருதல் கவிதை நோக்கில் ஒரு குறையே. எனினும் எந்நாட்கண்ணியைப் பயில்வோர்க்கு அக்குறையின் காரணம் புலனாகும். அதன் ஒவ்வொரு கண்ணியும், வேண்டிய பேறு வாய்க்கும் நாள் எதுவோ என்னும் ஏக்கத்தில் முடிகின்றது. ஆனந்தக்களிப்பிலே பேரின்பக் குரல் கேட்பினும், அவர் பாடல்களில் மிக்கொலிப்பது காத்திருப்பவர் குரலே. அடங்காத மனத்தின் நேர்மையான வாக்குமூலம் ஆதலின் அது பன்முறை ஒலிக்கின்றது.

வழக்கில் மலிந்த சொல்லொன்று இவ்வாறு அருமையுடையதாயிற்று. அவ்வருமையை மறந்து பயில்வோர்க்கு இப்பாடல்கள் சோம்பலுக்கு அரணாகிவிடும். உணர்ந்து பயில்வோர் தத்தம் மனத்தின் ஓட்டத்தை முதன்முறையாகக் கேட்பர்.