குழிக்குள் இருக்கும் கால்கள்

நெசவாளியை வரைய வருகிறவரைத் திணறடிப்பது அவருடைய கால்கள். குழித்தறியில் பாதி வேலை தரைக்குக் கீழே நடக்கிறது. மிதியை அழுத்தும் பாதம் குழிக்குள் மறைந்துவிட, மேலே கண்ணுக்குக் கிடைப்பவை குனிந்த முதுகும் நீள இழைகளான பாவும் அச்சும் ஊடிழையைக் கொண்டோடும் நாடாவும்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரருக்காக வரைந்த தஞ்சாவூர், திருச்சி, மதுரைக் கம்பெனி ஓவியர்கள் பெரும்பாலும் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தொழிலாளியை வேலையிலிருந்து எழுப்பி, மனைவியோடு வெற்றுப் பின்னணியில் நிற்கவைத்து, தொழிலின் அடையாளத்தைக் கையில் கொடுத்தார்கள். வாங்கிய வெள்ளைக்காரருக்குத் தேவைப்பட்டது சாதி விவரம். வேலையின் நுணுக்கம் அல்ல. 1837-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரியார் டேனியல் பூர் ஒருவருக்குப் பரிசளித்த 72 சாதிப் படங்களின் தொகுப்பு இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இவ்வகைப் படங்களில் முகங்கள் ஏறக்குறைய ஒரே அச்சு. ஓவியர் மனம் ஒன்றியிருப்பது துணி மடிப்பிலும் கருவியிலும். தங்க ரேக் ஒட்டிய தஞ்சாவூர்க் கிருஷ்ணனுக்கே மயங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நெசவு ஓவியம் என்றதும் வான்கோவைச் சொல்பவர்கள் உண்டு. நியூனென் கிராமத்தில் 1884-இல் அவர் தறிகளை விடாமல் வரைந்தார். அவற்றில் ஒன்று 1730 என்று ஆண்டு செதுக்கிய பழைய ஓக் மரத்தறி. அந்தப் படங்களின் இருட்டையும் சோகத்தையும் புகழ்வது வழக்கம். புகழ வேண்டியது வேறு: எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்று பார்த்து வரைந்திருக்கிறார். ஆனால் அது ஆளைவிட உயரமான சட்டத்தறி. நெசவாளி கூண்டுக்குள் இருப்பவர்போலத் தெரிகிறார். கொங்குக் குழித்தறி ஆளைச் சூழ்வதில்லை, அவர் முன்னே தாழ்ந்து நீண்டு கிடக்கிறது. மண்ணின் ஈரப்பதத்தில் பருத்தி இழை அறுந்துபோவது குறையும் என்பதும் அது தரையோடு அமைந்ததற்கு ஒரு காரணம். ஆகவே குழித்தறியை வரையும் படம் அகலவாக்கில், தரைமட்டப் பார்வையில் அமைந்தாக வேண்டும். நிறங்களில் ஈரமண் முந்த வேண்டும்.

தறிக்கு வெளியே வரைவதற்குப் பாவடி இருக்கிறது. தெரு நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி பூசி, பாவாற்றியால் நீவிக்கொண்டே நடக்கும் காட்சியில் உடம்பு முழுதும் தெரியும்; கால்களும் கிடைக்கும். சேலத்துப் பாவடிகளைப் போல ஓவியருக்கு வாய்ப்பான மைதானம் வேறில்லை.

இப்போது புடவைக்கடைச் சுவர்களில் காணும் நெசவாளிகளுக்குச் சலவை வேட்டியும் சிரிப்பும் தவறாமல் இருக்கின்றன. பாவு மட்டும் கொடித்துணியாகத் தொங்குகிறது. இழுத்துக் கட்டாத பாவில் நாடா ஓடாது. சோமனூரும் பல்லடமும் விசைத்தறிக்கு மாறிய பிறகு, ஓவியர் எட்டிப்பார்க்க அடுத்த தெருவில் கைத்தறி இல்லை என்பது உண்மைதான். ஆனால் நெகமத்தில் இன்னும் கைத்தறிப் புடவை நெய்கிறார்கள். கோவை அவிநாசி சாலையில், ஜவுளி ஆராய்ச்சியாளரும் நாவலாசிரியருமான கஸ்தூரி சீனிவாசன் பெயரால் ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் சேர்ந்தே இருக்கின்றன. சுவரில் தறி வரையக் கூலி பேசுகிறவர் இரண்டில் ஓரிடத்துக்காவது போய்வரலாம்.