பூர்வீகம் சொல்லுமா டி.என்.ஏ.?

குழாயில் சிறிது எச்சிலை எடுத்து அஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைச் சதவீதக் கணக்கோடு சொல்லிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் இன்று பல உள்ளன. மேனாடுகளில் தொடங்கிய இவ்வியாபாரம் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. வாசகர்களே, இந்த வாக்குறுதியை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்வினாவைப் பொதுவாக வைத்துப் பேசுவதைவிட, நம் பக்கத்துக் கதை ஒன்றின்மேல் உரசிப் பார்த்தால் அதன் மாற்றுத் தெரிந்துவிடும்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியால் விஞ்ஞான உலகம் இம்மலையை அறியும். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்பவர் என்பதே பெயரின் பொருள். அதாவது, அப்பெயர் இருப்பிடத்தைச் சொல்லுகிறதே அன்றி வந்த இடத்தைச் சொல்லவில்லை.

வந்த இடத்தைச் சொல்வது ஒரு கதை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற ஏழு தொகுதி நூலில் அது இடம்பெற்றுள்ளது. சாலிவாகன சகம் 1055இல், அதாவது கி.பி. 1132 அளவில், கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனராம். மறுக்கவே, ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாள ஆடவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் தனியே திரும்பினால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று கருதிக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் கடந்தனர், நாய்கள் பாதியில் திரும்பி ஊர் சேர்ந்தன. வேடரைக் கொன்று வீடு திரும்பியவர்கள் தங்கள் மனைவியர் கைம்பெண்களாகி இருப்பதையும், தாங்கள் ஊருக்கு இறந்தவர்களாகிவிட்டதையும் கண்டனர். பின்னர் வேடப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்தனர். அவர்களின் வழியினரே இம்மக்கள் என்பது கதை. கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் வேறு கதை; அங்கே ஏழு வீரருக்குப் பதிலாகப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர். ஆனால் எல்லாக் கதையும் காஞ்சிபுரத்திலேயே தொடங்குகிறது.

இது உண்மையா என்று டி.என்.ஏ. கொண்டு சோதிக்க முடியுமா? முடியும் என்று நினைக்கத் தூண்டும் முன்மாதிரி ஒன்று உண்டு. ஆணின் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்குகிறது. மேனாட்டாரின் குடும்பப் பெயரும் அப்படியே இறங்குகிறது. ஆகவே ஒரே குடும்பப் பெயருடைய ஆண்கள் ஒரே மூதாதையின் வழியினர் என்றால் அவர்களின் ஒய் குரோமோசோமும் ஒத்திருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரையன் சைக்ஸ் 2000ஆம் ஆண்டில் தம் பெயரையே கொண்ட 48 ஆண்களைச் சோதித்தார். ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரே வடிவம் இருந்தது. மிகப் பழைய பரம்பரைப் பெயர் முறைகளில் ஒன்றைக் கொண்ட அயர்லாந்தில், 2006இல் டப்ளின் ஆய்வாளர்கள் 43 பெயர்களை இவ்வாறு சோதித்தனர். அரிய பெயராயின் ஒரே மூதாதை இருக்க வாய்ப்பு மிகுதி. பரவலான பெயராயின் பல மூதாதையர் இருந்திருப்பர்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகி மகனின் பெயர்முன் நின்று, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகிறது. ஆனால் தந்தை வழி இறங்கும் குலமும் கூட்டமும் நமக்கு உண்டு. ஆகவே ஜவ்வாது மலைக் கதையை ஒரு கருதுகோளாக எழுதலாம். தந்தை வழி காஞ்சிபுரத்தையும், தாய் வழி வேடரையும் காட்ட வேண்டும். தாயிடமிருந்து மட்டுமே இறங்கும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. அதற்கு உதவும். மேலும், ஏழு பேரே மூலவர் என்றால் ஒய் வடிவங்கள் ஏழுக்கு மிகக் கூடாது. தவறு என்று காட்டப்படக்கூடிய கருதுகோளே நல்ல கருதுகோள். அவ்வகையில் இக்கதை நம்மை ஏமாற்றவில்லை. ஏமாற்றுவது அளவுகோல்தான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் எண்ணிக்கை. 1132 முதல் இன்றுவரை ஏறத்தாழ 890 ஆண்டுகள். தலைமுறைக்கு 30 ஆண்டு என்று கொண்டால் 30 தலைமுறை. உங்களுக்குப் பெற்றோர் 2 பேர், பாட்டன் பாட்டியர் 4 பேர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், பத்தாம் தலைமுறையில் 1,024. இருபதாவதில் பத்து லட்சத்துக்கு மேல். முப்பதாவதில் 107 கோடி. அன்று உலக மக்கள்தொகையே 40 கோடிக்கு மேல் இராது! ஆகவே அந்த 107 கோடி இடங்களிலும் வெவ்வேறு ஆட்கள் இருந்திருக்க முடியாது. ஒரே ஆள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். ஒய் குரோமோசோம் காட்டுவதோ இந்த 107 கோடி இடங்களில் ஒன்றே ஒன்றை. அந்த ஒருவர் காஞ்சிபுரத்தார் என்று காட்டினால் ‘நீங்கள் காஞ்சிபுரத்தார்’ என்று ஆகிவிடுமா? பெரிய ஆலமரத்தின் ஒரு விழுதைப் பிடித்துக்கொண்டு, மரமே இந்த விழுதுதான் என்று சொல்வது போலாகும் அது.

மற்ற குரோமோசோம்களைப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். அவை ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டாகிக் கலக்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், முப்பது தலைமுறைக்குப் பின் ஒருவரின் டி.என்.ஏ. ஏறத்தாழ 2,000 துண்டுகளாகவே வந்து சேர்கிறது. பத்துத் தலைமுறைக்கு முன்னிருந்த 1,024 பேரிலேயே சுமார் பாதிப்பேரிடமிருந்து நமக்கு ஒரு துண்டுகூட வந்திராது. அவர்கள் நம் முன்னோர்தாம், ஆனால் டி.என்.ஏ.யில் அவர்களின் தடயம் இல்லை.

இரண்டாவது கடிகாரம். ஒய் குரோமோசோமில் எப்போதாவது நேரும் மாற்றங்களை எண்ணிக் காலத்தைக் கணிக்கிறார்கள். வழக்கமான சோதனையில் 17 இடங்களைப் பார்ப்பதுண்டு. ஓரிடத்தில் ஒரு தலைமுறையில் மாற்றம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 500இல் ஒன்று. 17 இடம், 30 தலைமுறை: பெருக்கி 500ஆல் வகுத்தால் விடை 1. அதாவது, முழு 890 ஆண்டுக்கும் எதிர்பார்க்கத்தக்கது ஒரே மாற்றம்! தற்செயல் நிகழ்ச்சிகளின் கணக்குப்படி, ஒரு மாற்றமும் நேராமலிருக்க 37 சதவீத வாய்ப்பு. இரண்டோ அதற்கு மேலோ நேர 26 சதவீத வாய்ப்பு. முள் ஒருமுறை அசைந்ததா இல்லையா என்பதை வைத்து மணி சொல்ல முடியுமா? ஒய் குரோமோசோமில் படிக்கத்தக்க பகுதி முழுவதையும் இன்று படிக்கலாம் என்பது உண்மை. அப்போது நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு ஒன்று என்ற அளவில் மாற்றங்கள் தென்படும். 890 ஆண்டுக்கு 7 எனக் கொள்வோம். எண்ணிக்கையின் பிழை அதன் வர்க்கமூலம் என்பதை இயற்பியல் மாணவர் அறிவர். 7இன் வர்க்கமூலம் 2.6. பிழை மட்டுமே முந்நூறு ஆண்டைத் தாண்டுகிறது. சோழர் காலமா விசயநகரக் காலமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுகோல், 1132 என்ற ஆண்டை எப்படி மெய்ப்பிக்கும்? ஒருவருக்குப் பதிலாகப் பலரைச் சோதித்தால் பிழை ஓரளவு குறையும், மறையாது.

மூன்றாவது ஒப்பீடு. நிறுவனங்கள் உங்கள் டி.என்.ஏ.யை ஒப்பிடுவது இன்று வாழ்பவர்களோடு. இன்றைய காஞ்சிபுரத்தார் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காஞ்சிபுரத்தார் அல்லர். ஏழு பேரில் சிலருக்குப் பெண் மக்களே பிறந்திருந்தால் அவர்களின் ஒய் வழி அன்றே அறுந்திருக்கும். வீட்டோடு மாப்பிள்ளையாய் வந்தவரும், தத்துப் பிள்ளையும் குலத்தின் பெயரை ஏற்றிருப்பர். குரோமோசோமை மாற்றியிருக்க முடியாது. இதற்கெல்லாம் மேலாக, அந்த ஏழு பேர் ஆளில்லா மலைக்கு ஏறவில்லை என்று கொள்ள இடமுண்டு. செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாம் சங்க காலத்திலேயே இப்பக்கத்து மலைகளில் வாழ்ந்த குடிகளை வருணிக்கிறது. புதிதாய் வந்தவர் பழையவரோடு கலந்து, வந்தவரின் கதையே எல்லாருக்கும் பொதுக் கதையாகியிருக்கலாம்.

கலப்பு என்பது இம்மலைக்கு மட்டும் உரியதன்று. ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்காவின் ஹார்வர்டும் சேர்ந்து செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் பரவலான கலப்பு நடந்தது என்றும், ஒதுங்கி வாழும் பழங்குடிகளும் அதற்கு விலக்கல்லர் என்றும் அது காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு தமிழகத்தின் 12 பழங்குடிகளையும் 19 பிற குழுக்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களைப் பார்த்தது. குழுக்கள் பிரிந்தது 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன், உழவின் பரவலையொட்டி என்பது அவர்கள் முடிவு. இவ்வாய்வுகள் பெருந்திரளின் நெடுங்கால வரலாற்றைப் பேசுகின்றன. தனி மனிதருக்குச் சான்றிதழ் தருவது அவற்றின் வேலையன்று.

கொலையாளியையும் ஒரு குழந்தையின் தந்தையையும் டி.என்.ஏ. துல்லியமாகக் காட்டுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே கேட்கப்படுவது ‘இந்த ஆள்தானா?’ என்பது. ஒப்பிட இரண்டு மாதிரிகளும் கையில் உள்ளன. பூர்வீகச் சோதனையிலோ ஒரு மாதிரிதான் உண்டு. மற்றது எரிந்து சாம்பலாகித் தொள்ளாயிரம் ஆண்டு ஆகிறது. முதற் சோதனை ஈட்டிய நற்பெயரை இரண்டாவது சோதனை கடன் வாங்கிப் பிழைக்கிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டுப் பழங்குடிகள் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்ற எல்லையோடு எழுதப்பட்டது. கோவையின் பெயர் அதில் இல்லை. அதனால், 1979இல் கோவையிலிருந்து பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் நெடுங்காலம் பட்டியலுக்கு வெளியே நின்றனர். சான்றிதழ் இருந்தால் மலைப்பிள்ளை கல்லூரிக்கு வருவான், இல்லாவிட்டால் வரமாட்டான். இந்நிலையில் ஒருவர் தர்ஸ்டனைக் காட்டி, இவர்கள் சமவெளி வேளாளர், பழங்குடியினர் அல்லர் என்று வாதிடலாம். இன்னொருவர் ஆய்வுக்கூடத் தாளை நீட்டி, இதோ பழங்குடி டி.என்.ஏ. என்று வாதிடலாம். இரண்டும் ஒரே பிழை. பழங்குடியைக் கண்டறிய 1965இல் லோகூர் குழு வகுத்த அளவைகள் பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், பின்தங்கிய நிலை போன்றவை. அவற்றில் இரத்தம் இல்லை. அந்த அளவைகளிலும் குறைகள் உண்டு. ஆயினும் அவை கேட்பது இன்றைய வாழ்வை.

பிரிட்டனில் இப்படியொரு முயற்சி நடந்தது. தாம் சோமாலியர் என்று சொல்லிப் புகலிடம் கேட்டவர்கள் உண்மையில் அந்நாட்டவர்தாமா என்று டி.என்.ஏ. கொண்டு சோதிக்க 2009இல் அந்நாட்டு எல்லைக் காவல் துறை முற்பட்டது. நாட்டு எல்லைகள் வரைபடத்தில் இருக்கின்றன, குரோமோசோமில் இல்லை என்பதால் விஞ்ஞானிகளே அதைக் கண்டித்தனர். டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்ட அலெக் ஜெஃப்ரீஸும் அவர்களில் ஒருவர். 2011இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தர்ஸ்டனின் நூலுக்கும் ஒரு வார்த்தை. மறைந்துபோயிருக்கக்கூடிய கதைகளை அது காத்துத் தந்தது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் அதே தர்ஸ்டன் கருவி கொண்டு மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து மக்களை வரிசைப்படுத்தினார். அன்று அதுவும் விஞ்ஞானம் என்றே கருதப்பட்டது. மூக்கை அளந்த இடத்தில் இன்று டி.என்.ஏ.யை வைத்தால் கருவி திருந்தியதே தவிரக் கேள்வி திருந்தவில்லை.

டி.என்.ஏ. ஆய்வு மலைமக்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு குழுவுக்குள்ளேயே மணந்துகொள்ளும் சமுதாயங்களில் சில பரம்பரை நோய்கள் மிகும். 2017இல் வந்த ஓர் ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81இல் இந்நிலை கடுமையாக உள்ளது என்றது. அந்நோய்களைத் தேடட்டும், சம்மதம் பெற்று, முடிவை மக்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லட்டும். அது பயனுள்ள பணி.

உங்களிடம் ஒருவர் பூர்வீக அறிக்கையைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். என் முன்னோரில் எத்தனை பேரைப் பற்றி இது பேசுகிறது? யாரோடு ஒப்பிட்டீர்கள்? பிழை எத்தனை ஆண்டு? மூன்றாவதற்கு விடை இல்லாத அறிக்கை அளவீடே அன்று. இது நாம் முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் கற்கும் பாடம்.