உப்புத்தாள் பைத்தியம்

வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் பேச்சு வந்தாலே எல்லாரும் முதலில் ஷேடு கார்டைத்தான் விரிக்கிறார்கள். ஹாலுக்கு எது, பூஜை அறைக்கு எது என்று வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். எனக்கு இப்போது அதில் எல்லாம் மனசு போவதே இல்லை. என்னைப் பிடித்திருப்பது பட்டிப் பைத்தியம். நிறம் ஏறுவதற்கு முன்னால் வெள்ளையாக இழுத்துப் பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தள்ளுகிறோமே, அந்தப் பட்டி!

பாளையங்கோட்டையில் எங்கள் பழைய வீட்டுப் படுக்கையறையை இந்தப் பங்குனியில் நானே அடித்து முடித்தேன். அதிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு நிச்சயதார்த்த வீட்டில் நான் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். சம்பந்தி வீட்டார் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பார்க்கட்டுமே. அருமையான சுவர் அது!

இந்தக் கிறுக்கை எனக்குள் ஏற்றிவிட்டவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் பெயிண்டர் அண்ணாச்சி. வேலைக்கு ஆள் அனுப்பச் சொல்லித்தான் அவரிடம் போனேன். அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, செவுத்தைக் கண்ணால பாக்காதிய, கையால பாருங்க" என்றார். கையை வைத்துத் தேய்த்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தூள். மாமனார் காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு, அதன் மேல் பிற்காலத்து டிஸ்டம்பர், எல்லாமாகச் சேர்ந்து பொரிந்து நின்றது.

சுண்ணாம்பைக் குறை சொல்ல மனசு வரவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிற அற்புதம் அது. சுவருக்குள் இருக்கிற ஈரத்தையும் வெளியே விடும். ஆனால் ஏறின மேனிக்கு அடுக்கடுக்காக நிற்கிற பழைய சுண்ணாம்பின் மேல் எமல்ஷனை அடித்தால், எமல்ஷன் காய்ந்து இறுகும்போது அடியிலுள்ள தூளையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும். எத்தனை விலை உயர்ந்த பெயிண்டாக இருந்தாலும் இதே கதிதான். ஆகவே சுரண்ட வேண்டும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தகட்டால் சுரண்டினால் பாளம் பாளமாக வரும். அந்தச் சுகம் இருக்கிறதே! ஒரு முழம் நீளத்துக்குப் பட்டையாக உரிந்து விழும்போது கைதட்டத் தோன்றும்.

சுரண்டின கையோடு பார்க்க வேண்டியது ஓதம். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவர் ஈரம் என்றால் பெயிண்ட் வாங்கப் போகாதீர்கள். குளியலறைக் குழாயோ மொட்டை மாடி ஒழுகலோ, அதை முதலில் சரிசெய்ய வேண்டும். உப்பு பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள், வேண்டவே வேண்டாம். உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்தான் போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்தால் போதும். புது வீடாக இருந்தால் பூச்சு வேலை முடிந்து குறைந்தது 28 நாளாவது போகட்டும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்ட் வேலையை வைத்துக்கொள்வது வம்பை விலைக்கு வாங்குவது. போகிக்கு முந்தின வாரம் வைத்தால் பெயிண்டர் கிடைக்க மாட்டார். தை பாதிக்கு மேல் பங்குனி வரை பொற்காலம்.

இனி, பட்டி. இதைச் சொல்லத்தானே உட்கார்ந்தேன்!

வெள்ளை சிமென்ட் பட்டி பவுடராக வருகிறது. ஒரு கிலோ, இரண்டு கோட்டுக்குச் சுமார் 10 முதல் 15 சதுர அடி வரும். விரிசல் இருந்தால் அதை முதலில் 'வி' போலக் கொஞ்சம் அகலமாக்கித் தூசி தட்டி அடைத்துக்கொள்ள வேண்டும். வெறும் முடி மாதிரியான விரிசலின் மேல் அப்படியே பூசினால் உள்ளே எதுவும் இறங்காது. பட்டியைக் கலக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கட்டி இல்லாமல் பத்து நிமிடமாவது அடிக்க வேண்டும். இட்லி மாவைவிடக் கெட்டியாக, பிளேடில் எடுத்தால் வழியாமல் நிற்கிற பதம். இரண்டு மூன்று மணி நேரத்தில் இறுகிவிடும் என்பதால் தீர்க்க முடிகிற அளவே கலக்குங்கள். சுவரை லேசாக நனைத்துவிட்டு, பட்டி பிளேடைச் சாய்த்துப் பிடித்து, கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு. சர்ர்ர்ரென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு அறையைத் தொடங்கலாம். கோட் மெல்லிசாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காயும்போது வெடிக்கும்.

காய்ந்தபின் உப்புத்தாள். 180 நம்பரில் தொடங்கி 320-க்குப் போங்கள். மூக்கை மூடும் என்95 கவசம் கட்டாயம், கைக்குட்டை எல்லாம் பத்தாது. அந்தத் தூள் அத்தனை மெல்லிசு, மூன்றாவது அறையில் மூடிவைத்த சாம்பாரில்கூட இறங்கும். எங்கள் வீட்டில் இறங்கியது. கதவுச் சந்துக்கு ஈரத்துணி திணித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தேய்த்து முடித்தாயிற்று, வழவழவென்று இருக்கிறது என்று பகல் வெளிச்சத்தில் நினைப்பீர்கள். நம்பாதீர்கள். இருட்டட்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஐயோ! மேடும் பள்ளமும் பிளேடுத் தடமும் நிழலோடு எழுந்து நிற்கும். எனக்கு அந்தக் காட்சி அப்படிப் பிடித்துப்போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டை வேகமாக முடித்துவிட்டு டார்ச்சோடு அறைக்குள் போய்விடுவேன். குறை தெரிகிற இடத்தைப் பென்சிலால் லேசாக வட்டமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பேனா ஆகாது, அதன் மை எமல்ஷனைத் தாண்டி மேலே கசிந்து வரும். மறுநாள் காலையில் வட்டம் போட்ட இடங்களில் மட்டும் தொட்டு வைத்து, மறுபடி தேய்ப்பது. ஜன்னலோரச் சுவரில் இதை ஒன்றுக்கு இரண்டாகச் செய்யுங்கள். அங்கேதான் காலை வெயில் டார்ச் போலவே சாய்ந்து விழும்.

பிறகு தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கோட். பிரைமரை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது. பட்டி உறிஞ்சும் பொருள். பிரைமர் இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கின எமல்ஷனை ஓரிடத்தில் அதிகமும் ஓரிடத்தில் குறைவுமாகக் குடித்துத் திட்டுத் திட்டாக நிற்கும்.

நிறத்துக்கு வருகிறேன். ஷேடு கார்டில் இரண்டு விரல் அகலத்தில் பார்ப்பது நாலு சுவரில் ஏறினால் ஒன்றின் மேல் ஒன்று பிரதிபலித்து அழுத்தமாகத் தெரியும். பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிர்ந்ததை எடுப்பது நல்லது. சின்ன சாம்பிள் டப்பா வாங்கி ஒரு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, சுவர் சுவராக ஒட்டிப் பாருங்கள். காலையில் பாருங்கள், சாயங்காலம் பாருங்கள், முக்கியமாக ராத்திரி டியூப்லைட்டில் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தட்டுகிற அதே சாம்பல் பச்சை, 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் வேறு ஆளாகிவிடுகிறது. நான் பல்பை மாற்றினேன், நிறத்தை மாற்றவில்லை. எவ்வளவு மலிவு! பூச்சின் பளபளப்பையும் யோசியுங்கள். மேடுபள்ளம் மறைய மேட், குழந்தைகள் கிறுக்குகிற சுவருக்குத் துடைக்கத் தோதான பளபளப்புள்ளது.

அளவு கணக்கு சுலபம். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 60 கழித்தால் 380. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு நூற்றுச் சொச்சம் சதுர அடி வரும். நாலு லிட்டர் டப்பா ஒன்று தாராளம். இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துவிடுங்கள். இயந்திரத்தில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா இம்மி வித்தியாசம் வரும்.

அடிக்கிற வேலை பட்டிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முதலில் சீலிங், அப்புறம் சுவர், கடைசியில் கதவு ஜன்னல். ஓரங்களில் இரண்டு மூன்று அங்குலம் பிரஷால் கட்டிங் அடித்து, அந்த ஈரம் காய்வதற்குள் ரோலரைச் சேர்த்துவிட வேண்டும். ஒரு சுவரைத் தொட்டால் அந்தச் சுவரை முடித்துவிட்டுத்தான் காப்பி. ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஓடினால் ஓரம் சீக்கிரம் காய்ந்து கோடு விழும். வியர்த்துக் கொட்டும், கொட்டட்டும். ரோலரை அழுத்தாதீர்கள், அதுவே உருளும். நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுக்கக் காயும் முன்னால் சாய்வாக இழுத்து எடுத்தால் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்!

கதவு விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். ஆகவே பழைய கதவையும் ஜன்னல் கம்பியையும் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, கழிவை வழித்து எடுத்துவிடுங்கள். குழந்தையும் கர்ப்பிணியும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மிச்சப் பெயிண்டைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி இறுக மூடி வைத்திருக்கிறேன். ஷேடு நம்பரை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியாகிவிட்டது. எமல்ஷன் முழுசாக இறுகச் சில வாரம் ஆகும், அதுவரை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. காலண்டர் மாட்ட ஆணியும் சுத்தியலுமாக வந்த மாமியாரை வாசலிலேயே மறித்து, "அத்தை, மேஜை மேல வச்சுக்கிடலாம்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் பேசவில்லை. நாத்தனார் பேசினாள், அவள் வீட்டு ஹாலுக்குப் பட்டி பார்க்க எப்போது வருவாய் என்று கேட்டு. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி, உப்புத்தாள் வாங்கிவிட்டேன்.