சிரட்டைக்கு அடியில் ஒரு முத்து

வித்தைக்காரர்களைப் பற்றி விமர்சனம் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. சங்கீதக் கச்சேரிக்கு எழுதுகிறோம், நாட்டியத்துக்கு எழுதுகிறோம். நாடகத்தில் ராஜா வேஷக்காரரின் மீசை கழன்று விழுந்தால் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குகிறோம். வித்தைக்காரர் மட்டும் கைதட்டலோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். அவர் செய்ததிலும் நல்லது கெட்டது உண்டு என்று நமக்குத் தோன்றுவதில்லை. அந்தக் குறையை இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தீர்க்கலாம் என்று உத்தேசம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், தாமிரபரணி கடலைச் சேரப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆத்தூர். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இந்த ஊரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு வெகு காலம் முன்பே, ருசி கண்ட நாக்குகள் அந்தக் கொழுந்துக்குப் பட்டம் கொடுத்தாகிவிட்டது. அங்கே ஒரு கோயில் கொடையில் இரவு நிகழ்ச்சியாக 'மனத்தைப் படிக்கும் வித்தை' என்று போட்டிருந்தார்கள். உறவினர் வீட்டுக்குப் போயிருந்த நானும் ஒரு நாற்காலி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த மனிதருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நல்ல குரல், நல்ல தமிழ், அலட்டல் இல்லாத கைகள். புறா விடவில்லை, பெண்ணை அறுக்கவில்லை. முன் வரிசையில் இருந்த பன்னிரண்டு பெரியவர்களை மேடைக்கு அழைத்தார். "உங்களில் இரண்டு பேராவது ஒரே நட்சத்திரத்தில் பிறந்தவர்கள். எனக்கு இப்போதே தெரிகிறது" என்றார். ஒவ்வொருவராக நட்சத்திரம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எட்டாவது ஆள் "உத்திரம்" என்றதும் மூன்றாவது ஆள் திடுக்கிட்டுத் திரும்பினார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

நான் கையிலிருந்த நோட்டீஸின் பின்புறத்தில் பெருக்கிப் பார்த்தேன். நட்சத்திரம் இருபத்தேழு. இரண்டாவது ஆள் முதல் ஆளோடு ஒத்துப்போகாமலிருக்க 27-க்கு 26 பங்கு வாய்ப்பு. மூன்றாவது ஆள் இருவரோடும் ஒத்துப்போகாமலிருக்க 27-க்கு 25. இப்படியே பன்னிரண்டு பேர் வரை பெருக்கினால், யாருமே ஒத்துப்போகாமல் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறுகூட இல்லை. ஏழு பேர் இருந்தாலே பந்தயம் வித்தைக்காரர் பக்கம் சாய்ந்துவிடும். மேல்நாட்டில் இதையே பிறந்த தேதியை வைத்துச் செய்கிறார்கள். 365 நாட்களுக்கு 23 பேர் போதும், பாதிக்குப் பாதிக்குச் சற்று மேல். அதை நம் ஊர் நட்சத்திரத்துக்கு மாற்றிக்கொண்டது உண்மையாகவே புத்திசாலித்தனம். ஆனால் அவர் அதைக் கணக்கு என்று சொல்லவில்லை. தமக்குத் 'தெரிகிறது' என்றார். அப்போது எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. வித்தைக்காரர் ரகசியத்தை விரித்துக் காட்டினால் அப்புறம் வித்தை ஏது?

அடுத்து மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் ஒரு முத்தை வைத்தார். போலி முத்துத்தான். நிஜ முத்துக்கும் அந்தக் கரைக்கும் இருந்த சம்பந்தம் 1961-ஆம் ஆண்டுக் குளிப்போடு ஏறக்குறைய முடிந்துபோயிற்று. விதியை முதலிலேயே தெளிவாகச் சொன்னார். "நீங்கள் ஒரு சிரட்டையைத் தொடுங்கள். முத்து எங்கே என்று எனக்குத் தெரியும். மற்ற இரண்டில் காலியான ஒன்றை எப்போதும் திறந்து காட்டுவேன். அதன் பிறகு தொட்டதையே வைத்துக்கொள்ளலாம், அல்லது மாற்றிக்கொள்ளலாம்." நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் தொட்டதை விடவில்லை. மூன்று பேர் தோற்றார்கள், ஒருவர் ஜெயித்தார்.

ஐந்தாவதாக வந்தவள் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள். கொடிக்கால் வைத்திருப்பவள். நடுச் சிரட்டையைத் தொட்டாள். அவர் இடது பக்கத்துச் சிரட்டையைத் தூக்கினார், காலி. அவள் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "மாத்திக்கிடுதேன்" என்றாள். வலது சிரட்டையின் அடியில் முத்து இருந்தது.

இந்தப் புதிர் 1990-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்தது. மாற்றுவதே நல்லது என்று விடை எழுதிய மெரிலின் வாஸ் சாவந்த் என்ற பெண்மணிக்குச் சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை அவரைத் திட்டி எழுதியவை. எழுதியவர்களில் ஆயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட டாக்டர் பட்டக்காரர்கள். ஆனால் அவர் சொன்னதே சரி. முதலில் தொடும்போது சரியாகத் தொட்டிருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, தவறாகத் தொட்டிருக்க மூன்றில் இரண்டு. தவறாகத் தொட்டிருந்தால், காலியை அவரே நீக்கிவிட்ட பிறகு மிச்சமிருப்பதில் முத்து இருந்தே ஆக வேண்டும். ஆகவே மாற்றுகிறவன் மூன்றுக்கு இரண்டு தடவை ஜெயிப்பான். நம்பிக்கை வராதவர்கள் நூறு சிரட்டைகளை நினைத்துக்கொள்ளட்டும். ஒன்றை நீங்கள் தொட, விஷயம் தெரிந்தவர் தொண்ணூற்றெட்டு காலிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரே ஒன்றை மட்டும் தொடாமல் விட்டால், உங்கள் கண் எங்கே போகும்?

இதில் ஒரு நிபந்தனை உண்டு. திறக்கிறவர் சொன்ன விதிப்படி எப்போதும் திறக்க வேண்டும். நீங்கள் சரியானதைத் தொட்டபோது மட்டும் திறந்து காட்டி ஆசை காட்டுகிறவராக இருந்தால், மாற்றியவன் ஒவ்வொரு தடவையும் ஏமாறுவான். திருவிழாவில் மூணு சீட்டுப் போடுகிறவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அவனிடம் சிறு வயதில் என் இரண்டு மாதச் செலவுப் பணத்தைக் கொடுத்து நானும் தெரிந்துகொண்டேன். நம் மேடைக்காரர் விதியைச் சொன்னார், சொன்னபடி நடந்தும் கொண்டார். அதுவரை அவருடைய நேர்மையில் எனக்குக் குறை இல்லை.

குறை அதற்கப்புறம் வந்தது. கைதட்டல் அடங்குமுன் அவர் அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, "மாற்று என்ற சொல்லை உங்கள் மனசில் போட்டதே நான்தான்" என்றார். பையிலிருந்து உறையை எடுத்துப் பிரித்தார். 'ஐந்தாவது ஆள் மாற்றுவார்' என்று எழுதியிருந்தது. இரண்டு பைகளில் இரண்டு உறை வைத்திருப்பது பழைய உபாயம். கூட்டம் அவரைக் கும்பிடாத குறை. அந்த அம்மாளும் கும்பிட்டாள்.

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லும்போது, ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்கிறார். கடற்கட்டி என்று தமிழில் பெயர். எதிர்க்கரையில் மன்னார்ப் பக்கத்துக் குளிப்பைப் பார்த்த எமர்சன் டெனன்ட் 1859-இல் வெளியிட்ட இலங்கை நூலில் ஒரு ரசமான விஷயம் இருக்கிறது. பரம்பரைக் கடற்கட்டிக்கு அன்று உடம்பு சரியில்லை, பதிலாளை அனுப்பியிருந்தார். தனக்கு மந்திரம் தெரியாது என்றும், இருந்தாலும் இன்னாருடைய பிரதிநிதி என்ற மரியாதைக்காகச் சுறாக்கள் ஒதுங்கிப் போகும் என்றும் பதிலாள் சொன்னாராம்! மனிதக் கூட்டமும் கூச்சலும் கண்டு சுறா விலகிப்போவது சாதாரணம். அந்தச் சாதாரணத்துக்கு இருபதில் ஒரு பங்கு கூலி. இருந்தாலும் கடற்கட்டியை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பயந்தவன் மூச்சடக்க முடியாது. கடற்கட்டி கொடுத்த தைரியம் குளிக்கிறவனுக்கே போய்ச் சேர்ந்தது. நம் மேடைக்காரர் அந்த அம்மாளிடம் இருந்ததை எடுத்துக்கொண்டார்.

அவதானத்தை நினைத்துப் பாருங்கள். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மடக்கிப் பார்க்கவே வந்தவர்கள். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார் ஒருவர், கணக்குப் போடுவார் ஒருவர், முதுகில் எறியும் கற்களை எண்ணச் சொல்வார் இன்னொருவர். கேள்வி கூர்மையாக இருந்தால்தான் அவதானிக்குப் பெருமை. எதிரில் இருப்பவர்களின் புத்திதான் அங்கே சரக்கு, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. (யாப்புத் தெரியாதவர்களுக்கு அந்த நிகழ்ச்சியில் கொட்டாவி வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.)

எனக்கு இதில் கல்லெறியும் யோக்கியதை குறைவு. என் தொடர்கதை ஒன்றில், தொலைந்த கடிதம் இருபத்தேழாம் அத்தியாயத்தில் தற்செயலாக அகப்பட்டது. அதற்கு விதி என்று பெயர் வைத்தேன். திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கார்டு எழுதினாள்: "பதினெட்டாம் அத்தியாயத்திலேயே அவள் அந்த அலமாரியைத் திறந்திருக்கலாமே?" திறந்திருக்கலாம்தான். வாசகிக்குத் தோன்றாது என்று எண்ணிவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து பந்தல் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் மேடைக்குப் பின்னால் நின்றாள். மகன் சர்க்கார் வேலைக்கு மூன்று தடவை பரீட்சை எழுதித் தவறிவிட்டான். நாலாவது தடவை எழுத மதுரையில் தங்கிப் படிக்கப் பணம் வேண்டும். கொடிக்காலை ஒத்திக்கு வைக்கலாமா என்று கேட்டாள். அவர் கண்ணை மூடித் திறந்து, "நாலாவது தடவை நிச்சயம். மூன்று தடவை போனதெல்லாம் அதற்காகத்தான்" என்றார். காசு வாங்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். மூன்று தடவை பூ விழுந்ததற்காக நாலாவது தடவை தலை விழுந்தே தீர வேண்டும் என்ற கடன் காசுக்கு இல்லை என்பது, நட்சத்திரக் கணக்குப் போட்ட அந்த மூளைக்குத் தெரியாமல் இராது.

நான் அவளோடு தெரு முனை வரை நடந்தேன்.

"சிரட்டையை ஏன் அம்மா மாற்றினீர்கள்?"

"அவருக்குத் தெரியும்லா, எங்கன இருக்குன்னு. தெரிஞ்சவரு ஒண்ணத் தூக்கிட்டு ஒண்ண விட்டுட்டாருன்னா, விட்டதுலதான இருக்கும்?"

"அது நீங்களாக யோசித்தது. அவர் உங்கள் மனசில் எதையும் போடவில்லை."

அவள் சிரித்தாள். "எனக்கு என்னய்யா யோசனை தெரியும்? அவருல்லா போட்டாரு."

"அந்த ஒத்தி விஷயத்தை இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் வீடு வந்துவிட்டது. திண்ணையில் காலை லாரிக்கு வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் உட்கார்ந்து, என்னோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே கவுளி எண்ணிக் கட்ட ஆரம்பித்தாள்.